விமானிகளின் ஓய்வு வயது 67 ஆகுமா? காக்பிட் சீனியாரிட்டி சண்டையில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு அமெரிக்க விமானிகளைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவருக்கு 2007 டிசம்பர் 12-ம் தேதி 60 வயது முடிகிறது. இன்னொருவருக்கு டிசம்பர் 14-ம் தேதி. வித்தியாசம் இரண்டே நாள்தான். முதலாமவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாமவர் இன்னும் 5 வருடம் அதே கேப்டன் சீட்டில், அதே சம்பளத்தில் பறக்கலாம்.

காரணம், நடுவில் டிசம்பர் 13-ம் தேதி அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் போட்ட கையெழுத்து. அன்றுதான் விமானிகளின் கட்டாய ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனது. 48 மணி நேரம் முன்னால் பிறந்ததற்காக 5 வருடச் சம்பளத்தை இழந்தவர்களும் உண்டு, இவர்கள் நகராததால் பின்வரிசையில் 5 வருடம் கூடுதலாகக் காத்திருந்தவர்களும் உண்டு.

இப்போது அதே கதை 67 என்ற எண்ணோடு திரும்பி வந்திருக்கிறது. டிவி விவாதங்களில் இதைப் பாதுகாப்புப் பிரச்னையாகத்தான் பேசுகிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பது.

இப்போதைய விதி என்ன?

உலக அளவில் இதைத் தீர்மானிப்பது ஐ.நா.வின் கீழ் இயங்கும் ஐசிஏஓ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. தலைமையகம் கனடாவின் மான்ட்ரியல் நகரில். இரண்டு விமானிகள் ஓட்டும் சர்வதேசப் பயணிகள் விமானங்களில் 65 வயது வரைதான் அனுமதி என்கிறது அதன் விதி. ஒரே விமானி ஓட்டும் வணிக விமானம் என்றால் 60.

இந்த 65-ம் ரொம்பப் பழையது இல்லை. 2006 நவம்பர் வரை 60-ஆகத்தான் இருந்தது. அந்த மாதம் 65-ஆக உயர்த்தியபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: ஒருவர் 60-ஐத் தாண்டியவர் என்றால் பக்கத்து சீட்டில் இருப்பவர் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். 2014 நவம்பரில் அந்த ஜோடி நிபந்தனையும் எடுக்கப்பட்டது.

2025 செப்டம்பர் கடைசியில் மான்ட்ரியலில் ஐசிஏஓ-வின் 42-வது பொதுச்சபை கூடியது. விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா, வயதை 67 ஆக்குங்கள், கூடவே ஒரு விமானியாவது 65-க்குக் கீழே இருக்கட்டும் என்று ஒரு யோசனையை வைத்தது. அது ஏற்கப்படவில்லை. விமானி சங்கங்கள் அதை வரவேற்றன.

ஒரு நிமிஷம். விமானிகளின் ஓய்வு வயதை உயர்த்த வேண்டாம் என்று விமானிகளின் சங்கமே சொல்கிறதா? ஆமாம். அது புரிய வேண்டுமென்றால் முதலில் சீனியாரிட்டி எண் புரிய வேண்டும்.

எல்லாமே ஒரு எண்தான்

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் ஒரு விமானி வேலைக்குச் சேரும் நாளில் அவருக்கு ஒரு எண் கிடைக்கும். சேர்ந்த தேதிதான் கணக்கு. நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறீர்கள், வேறு கம்பெனியில் எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

எந்த விமானம், கேப்டனா துணை விமானியா, எந்த ஊர் பேஸ், எந்த ரூட், தேங்ஸ்கிவிங்குக்கும் கிறிஸ்துமஸுக்கும் லீவு கிடைக்குமா, மாதத்தில் எந்த நாட்கள் வீட்டில் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் விமானிகள் தங்கள் விருப்பத்தைப் பதிவு செய்வார்கள். மேலே இருப்பவர் கேட்டது முதலில் கிடைக்கும். மிச்சம் இருப்பது அடுத்தவருக்கு. கடைசி எண்ணில் இருப்பவருக்கு யாரும் விரும்பாத நள்ளிரவு டியூட்டிதான். கம்பெனி நஷ்டத்தில் போய் ஆட்களைக் குறைத்தால் கீழே இருந்துதான் வெட்டுவார்கள்.

இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகவும் முடியாது. 20 வருட அனுபவமுள்ள கேப்டன் கம்பெனி மாறினால் அங்கே அவர்தான் கடைக்குட்டி. அதனால் ஒரு கம்பெனியில் சேர்ந்த விமானி பெரும்பாலும் அங்கேயே இருந்துவிடுவார். கல்யாணம் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் கல்யாணத்தில்கூட விவாகரத்துக்குப் பிறகு பழைய வயது பூஜ்யம் ஆகாது!

அப்படியென்றால் இந்த வரிசை எப்படி நகரும்? மூன்றே வழி. கம்பெனி புது விமானங்கள் வாங்கி வளர வேண்டும். மேலே இருப்பவர் உடல்நலக் காரணத்தால் லைசென்ஸை இழக்க வேண்டும். இல்லையென்றால் ஓய்வு பெற வேண்டும். முதல் இரண்டும் யார் கையிலும் இல்லை. மூன்றாவதுக்கு மட்டும் தேதி உண்டு. துணை விமானியாக இருக்கும் ஒருவர் தனக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொருவரின் பிறந்த வருடத்தையும் வைத்து, தான் எந்த வருடம் கேப்டன் ஆவோம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. பெரிய நிறுவனங்களில் துணை விமானியின் மணி நேரச் சம்பளம் கேப்டனுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

ஓய்வு வயதை மாற்றினால் இந்த மொத்தக் கணக்கும் ஒரே இரவில் மாறிப்போகும்.

60 என்ற எண் எங்கிருந்து வந்தது?

டாக்டர்கள் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எண் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை. இதுவே ஒரு தொழிலாளர் தகராறில் பிறந்த எண்.

1950-களின் கடைசி. ஜெட் விமானங்கள் வந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளை 60 வயதில் ஓய்வு பெறச் சொன்னது. மூன்று விமானிகள் மறுத்தார்கள். விவகாரம் மத்தியஸ்தரிடம் போனது. அவர் விமானிகள் பக்கம் நின்றார். தோற்றுப்போன நிறுவனத்தின் தலைவர் சி.ஆர். ஸ்மித் வேறு கதவைத் தட்டினார். 1959 பிப்ரவரியில், புதிதாக உருவான எஃப்ஏஏ என்ற கூட்டாட்சி விமான நிர்வாகத்தின் தலைவர் எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதி, அரசே ஓர் ஓய்வு வயதை நிர்ணயிக்க வேண்டும் என்று கேட்டார். வயதான விமானிகளுக்கு ஜெட் விமானத்துக்கு மாறுவது கடினமாக இருக்கிறது என்பது அவர் வாதம்.

அந்த வருட டிசம்பரிலேயே விதி வந்தது. 1960 மார்ச் 15 முதல் 60 வயதைத் தாண்டியவர் பயணிகள் விமானத்தில் கேப்டனாகவோ துணை விமானியாகவோ பறக்கக் கூடாது. கெசாடா 1961-ல் பதவியிலிருந்து விலகினார். அதே வருடம் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழுவில் உறுப்பினர் ஆனார்! விமானிகள் இதை இன்னும் மறக்கவில்லை.

விதியில் ஒரு வேடிக்கையான ஓட்டையும் இருந்தது. அன்றைய பெரிய விமானங்களில் மூன்றாவதாக ஃப்ளைட் இன்ஜினீயர் என்று ஒருவர் உட்காருவார். 60 வயது விதி அவருக்குப் பொருந்தாது. அதனால் 60 ஆன கேப்டன்கள் சிலர் அந்தப் பின் சீட்டுக்கு மாறப் பார்த்தார்கள். அங்கேயும் சீனியாரிட்டி சண்டைதான். டிடபிள்யூஏ நிறுவனத்தில் உடல்நலக் காரணத்தால் கேப்டன் சீட்டை இழந்தவர், ஜூனியர் இன்ஜினீயரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரலாம். வயது காரணமாக இழந்தவருக்கு அந்த உரிமை இல்லை. இது வயதுப் பாகுபாடு என்று 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சங்கம் அடித்த பல்டி

அமெரிக்காவின் மிகப் பெரிய விமானி சங்கமான ஆல்பா, ஆரம்பத்தில் 60 வயது விதியை எதிர்த்தது. 1980-ல் மனம் மாறி ஆதரிக்கத் தொடங்கியது. ஏன் தெரியுமா? அதற்குள் 60-ல் ஓய்வு என்பதை வைத்து நல்ல பென்ஷன் ஒப்பந்தங்கள் போடப்பட்டுவிட்டன. மூத்தவர்கள் கைநிறையப் பணத்தோடு போனார்கள், இளையவர்கள் மேலே வந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்த ஏற்பாடு உடைந்தது. யுனைடெட், யுஎஸ் ஏர்வேஸ், டெல்டா, நார்த்வெஸ்ட் எனப் பெரிய நிறுவனங்கள் வரிசையாகத் திவால் மனு போட்டன. யுஎஸ் ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா நிறுவனங்கள் விமானிகளின் பென்ஷன் திட்டங்களையே கைவிட்டன. பொறுப்பு அரசின் பென்ஷன் காப்பீட்டு அமைப்பிடம் போனது. அது தருவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதுவும் 65 வயதில் ஓய்வு பெறுபவரை வைத்துப் போட்ட கணக்கு. 60-ல் ஓய்வு பெற்றால் அந்த வரம்பில் 65 சதவீதம்தான்.

கவனியுங்கள். 60-க்கு மேல் வேலை பார்க்காதே என்று சொன்னதும் அரசு. 60-லேயே போய்விட்டாய், அதனால் குறைத்துத்தான் தருவேன் என்று சொன்னதும் அரசு. கோபம் வராமல் என்ன செய்யும்?

இதற்கு நடுவில் 2006-ல் ஐசிஏஓ வயதை உயர்த்தியது. 63 வயது வெளிநாட்டு விமானி நியூயார்க்கில் விமானத்தை இறக்கலாம், 60 வயது அமெரிக்க விமானி அதே ஓடுபாதையில் இறக்கக் கூடாது என்ற நிலை வந்தது. 2007 மே மாதம் ஆல்பா தன் நிலையை மறுபடி மாற்றிக்கொண்டது. டிசம்பரில் நாடாளுமன்றத்தின் கீழவையில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் மசோதா நிறைவேறியது.

பின்னோக்கிப் போகாத சட்டம்

அந்தச் சட்டத்தின் பெயர், அனுபவமுள்ள விமானிகளை நியாயமாக நடத்தும் சட்டம். பெயரில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே 60 முடிந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அவர்கள் திரும்பி வரலாம், ஆனால் புதிதாகச் சேர்பவராக. பழைய சீனியாரிட்டி, பழைய சர்வீஸ் எதுவும் கணக்கில் வராது. ஃப்ளைட் இன்ஜினீயர் மாதிரி காக்பிட் பணியில் தொடர்ந்து இருந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

30 வருடம் சர்வீஸ் போட்ட ஜம்போ கேப்டன், 25 வயதுப் பையனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். எத்தனை பேர் நிற்பார்கள்?

சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்பே சட்டம் வேலி கட்டியிருந்தது. இந்தச் சட்டப்படி நடந்துகொண்டதற்காக நிறுவனத்தின் மீதோ சங்கத்தின் மீதோ பொறுப்பு சுமத்த முடியாது என்ற பிரிவும் அதில் உண்டு. 2013-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இவர்களைப் பழைய இடத்திலேயே சேர்த்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் திரும்பி வந்தால், அவர் போனதால் கேப்டன் ஆனவர் கீழே இறங்க வேண்டும். அவருக்குக் கீழே இருப்பவரும் இறங்க வேண்டும். ஒருவருக்கான நியாயம் அவருக்குக் கீழே உள்ள அத்தனை பேரின் தலையிலும் விழும். சீனியாரிட்டி பட்டியலில் இலவசமாக யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது, இன்னொருவரிடமிருந்து எடுத்துத்தான் தர முடியும்.

"கடைசியில திரும்பக் கிடைச்சிடுமே?"

வயதை உயர்த்தச் சொல்பவர்களின் முக்கியமான வாதம் இது. இன்று 45 வயது துணை விமானி 5 வருடம் கூடுதலாகக் காத்திருக்கலாம். ஆனால் அவருக்கும் 60-க்குப் பதில் 65 வரை வேலை உண்டு. முன்னால் இழந்த 5 வருடம் பின்னால் கிடைத்துவிடும். கணக்கு சரியாகிவிடும். அப்படித்தானே?

பேப்பரில் சரி. வாழ்க்கையில் அப்படி இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கம்பெனியில் 1,000 விமானிகள், வருடத்துக்கு 30 பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு வயது 5 வருடம் கூடினால், அந்த 5 வருடமும் கட்டாய ஓய்வே இருக்காது. 150 இடங்கள் காலியாகாது. 400-வது எண்ணில் இருப்பவர் 250-க்கு வந்திருக்க வேண்டியவர், 400-லேயே நிற்பார். அப்போது சந்தையும் சரிந்தால்?

சரிந்தது. 2008-ல் கச்சா எண்ணெய் விலை பீப்பாய் 147 டாலர் வரை போனது, பின்னாலேயே பொருளாதார நெருக்கடி. யுனைடெட் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பியது. மேலே யாரும் ஓய்வு பெறாத வருடங்கள் என்பதால் அவர்கள் திரும்பி வருவதும் தள்ளிப்போனது. இவர்களில் பலர் ஏற்கனவே செப்டம்பர் 11-க்குப் பிறகு ஒருமுறை வேலை இழந்தவர்கள். அமெரிக்க விமானிகள் அந்தக் காலத்தைத் தொலைந்துபோன பத்தாண்டு என்றே சொல்வார்கள்.

இன்னொன்று, 60-லிருந்து 65 வரையான வருடங்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 40 வயதைத் தாண்டிய விமானி 6 மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கலில் தேற வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை இசிஜி. இதயமோ கண்ணோ சர்க்கரையோ ஏதாவது ஒன்று இடையில் லைசென்ஸை வாங்கிவிடலாம். 45 வயதில் இழந்தது நிச்சயம், 62 வயதில் கிடைப்பது நிச்சயம் இல்லை. பிள்ளைகள் வளரும் வயதில் வாரக் கடைசி லீவு கிடைக்காமல் போனதை எந்த 64-வது வயதிலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

உண்மையில் முழு லாபம் அடைந்தவர்கள், சட்டம் வந்தபோது பட்டியலின் உச்சியில் 58, 59 வயதில் இருந்தவர்கள்தான். அவர்கள் 60 விதியால் மேலே வந்தார்கள், 65 விதியால் அங்கேயே இருந்தார்கள். ஆனால் அவர்களைச் சும்மா வில்லனாக்கவும் முடியாது. பென்ஷனை இழந்தவர்களும் அவர்கள்தான்.

67: இந்த முறை சிக்கல் வேறு மாதிரி

கோவிட் காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வு பெற வைத்தன. 2022-ல் பயணிகள் திரும்பி வந்தபோது ஆள் இல்லை. சிறு நகரங்களுக்குப் போகும் பிராந்திய விமான நிறுவனங்கள்தான் அதிகம் அடிவாங்கின. அந்த ஜூலையில் செனட்டர் லிண்ட்சே கிரஹாம் 67 வயது மசோதாவைக் கொண்டுவந்தார். 2023 ஜூலையில் கீழவை நிறைவேற்றிய எஃப்ஏஏ மசோதாவில் 67 இடம்பெற்றது. 2024 பிப்ரவரியில் செனட் வர்த்தகக் குழுவில் வாக்கெடுப்பு நடந்தபோது 13-க்கு 14 என ஒரே ஓட்டில் தோற்றது. மே மாதம் அதிபர் பைடன் கையெழுத்திட்ட இறுதிச் சட்டத்தில் 67 இல்லை.

2007-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. 2007-ல் உலகம் முதலில் 65-க்குப் போனது, அமெரிக்கா பின்னால் போனது. இப்போது அமெரிக்கா மட்டும் 67-க்குப் போனால், உலகம் 65-லேயே நிற்கும். 66 வயது அமெரிக்க கேப்டன் சிகாகோவிலிருந்து டென்வருக்குப் பறக்கலாம், லண்டனுக்குப் பறக்க முடியாது.

"அதனால் என்ன, உள்நாட்டில் பறக்கட்டுமே" என்று கேட்கலாம். இங்கேதான் சீனியாரிட்டி மறுபடி உள்ளே வருகிறது.

65 வயதை நெருங்கும் கேப்டன்கள் பெரும்பாலும் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள். உச்சியில் இருப்பவர்கள் ஓட்டுவது கடல் தாண்டிப் போகும் போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள். அவை உள்நாட்டில் குறைவாகத்தான் பறக்கும். ஆக, 65 முடிந்ததும் அவர் போயிங் 737-க்கோ ஏர்பஸ் ஏ320-க்கோ மாற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி, சிமுலேட்டர், சோதனைகள். சிமுலேட்டரும் பயிற்சியாளர்களும் அளவாகத்தான் இருக்கிறார்கள். அவர் 737 கேப்டன் சீட்டுக்கு வந்தால், சீனியாரிட்டிப்படி அங்கே இருக்கும் ஜூனியர் கேப்டன் ஒருவர் துணை விமானி சீட்டுக்கு இறங்குவார். அவருக்குக் கீழே இன்னொருவர். மேலே காலியான 777 சீட்டுக்கு வேறொருவர் பயிற்சிக்குப் போவார். ஒருவரை இரண்டு வருடம் தக்கவைக்க மூன்று நான்கு பேரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டிவரும். பற்றாக்குறையைத் தீர்க்க வந்த மருந்து பயிற்சிக் கூடத்தை அடைத்துவிடும் என்பதுதான் ஆல்பாவின் வாதம்.

பற்றாக்குறை அதிகம் இருந்ததோ பிராந்திய நிறுவனங்களில். மூத்த விமானிகளோ பெரிய நிறுவனங்களில். 66 வயது ஜம்போ கேப்டன் சீனியாரிட்டியை விட்டுவிட்டு 50 சீட் விமானத்துக்குப் போவாரா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிராந்திய நிறுவனங்களின் கேப்டன்களை எடுத்துக்கொள்வது பெரிய நிறுவனங்கள்தான். மேலே ஓய்வு தள்ளிப்போனால் கீழிருந்து ஆள் இழுப்பதும் குறையும், சிறு நகர சர்வீஸ் தப்பிக்கும் என்கிறார்கள் மசோதாவை ஆதரிப்பவர்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிராந்திய நிறுவனத்தில் காத்திருக்கும் இளைஞருக்கு இதன் அர்த்தம், பெரிய கம்பெனியின் கதவு இன்னும் 2 வருடம் மூடியே இருக்கும் என்பது.

அப்போ பாதுகாப்பு?

2009 ஜூன் 18. பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூயார்க் அருகே உள்ள நியூவர்க் நகருக்குப் போன கான்டினென்டல் விமானம், போயிங் 777. அட்லாண்டிக் கடலின் மேலே பறந்துகொண்டிருந்தபோது கேப்டன் இறந்துபோனார். அவருக்கு 60 வயது. 2007 சட்டம் வராமல் இருந்திருந்தால் அவர் அன்று அந்த சீட்டில் இருந்திருக்க மாட்டார். நீண்ட தூரப் பயணம் என்பதால் காக்பிட்டில் மூன்று விமானிகள் இருந்தார்கள். மற்ற இருவரும் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்கள்.

இதே சம்பவத்தை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லலாம். பாருங்கள், வயதானால் இப்படி ஆகும் என்று ஒருவர் சொல்வார். பாருங்கள், அதற்குத்தான் இன்னொரு விமானி இருக்கிறார், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொருவர்.

அதே 2009 ஜனவரியில், பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கருக்கு வயது 57. 1989-ல் ஹவாய் அருகே சரக்குக் கதவு பிய்ந்துபோய், பக்கவாட்டில் பெரிய ஓட்டையோடு யுனைடெட் ஜம்போ விமானத்தை ஹோனலூலுவுக்குத் திருப்பிக் கொண்டுவந்த கேப்டன் டேவிட் குரோனினுக்கு 59. 9 பேர் பலியானார்கள், 346 பேர் பிழைத்தார்கள். கட்டாய ஓய்வுக்கு அவருக்கு மிச்சம் இருந்தது சில வாரங்கள்தான்.

அனுபவம் காப்பாற்றும் என்பதும் உண்மை, வயது ஏறினால் திடீர் உடல்நலக் கோளாறுக்கான வாய்ப்பு கூடும் என்பதும் உண்மை. ஆனால் 64 வயது 364-வது நாளில் தகுதியாக இருந்தவர் மறுநாள் காலையில் தகுதி இழப்பதற்கு மருத்துவத்தில் விளக்கம் கிடையாது. எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும் என்பதால் போட்ட கோடு. அமெரிக்காவில் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு 56 வயதில் கட்டாய ஓய்வு. கோடீஸ்வரர்களின் சொந்த ஜெட் விமானத்தை ஓட்டுபவருக்கு 65 வயது விதி பொருந்தாது. மேலே இருப்பது ஒரே வானம்தான்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஜப்பான் 2015-லேயே உள்நாட்டு விதியை மாற்றி 67 வயதுக்காரர்களையும் பறக்க விட்டது. அங்கே ஆள் பற்றாக்குறை அவ்வளவு.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு இந்த விவகாரத்தின் முடிச்சை அழகாகக் காட்டும். ஜான் கிறிஸ்டி, குவான்டாஸ் நிறுவனத்தின் ஜம்போ கேப்டன். 1994-ல் 60 வயது முடிந்ததும் வேலை போனது. ஆஸ்திரேலியச் சட்டப்படி வயதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பக் கூடாது. ஆனால் அப்போது பல நாடுகள் 60-ஐத் தாண்டிய விமானியைத் தங்கள் வான்வெளியில் அனுமதிக்கவில்லை. அவர் போகக்கூடிய இடங்கள் என்று பார்த்தால் நியூசிலாந்து, ஃபிஜி, பாலித்தீவின் டென்பசார் என ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிட்டது. அந்த ரூட்டுகளை அவருக்கு மட்டும் ஒதுக்கினால் மற்ற விமானிகளின் ரோஸ்டர் முறை குலைந்துபோகும் என்றது நிறுவனம். 1998-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அதுதான் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், குவான்டாஸ் பக்கம் தீர்ப்பளித்தது. உள்நாட்டில் ஒரு வயது, வெளிநாட்டில் ஒரு வயது என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 67 பேச்சு வருவதற்கு 25 வருடம் முன்பே கிடைத்த சாம்பிள் இது.

கனடாவில் அரசு விதி எதுவும் இல்லை. ஆனால் ஏர் கனடாவின் ஒப்பந்தத்தில் 60 வயது ஓய்வு இருந்தது. ஓய்வு பெற வைக்கப்பட்ட விமானிகள் மனித உரிமை தீர்ப்பாயத்துக்குப் போனபோது, சொந்தச் சங்கமே கம்பெனியோடு நின்று அவர்களை எதிர்த்தது. ஓய்வு பெறுபவர் ஒருவர், அவர் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் பலர். ஓட்டுப் போட்டால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்? கடைசியில் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்ற, 2012 டிசம்பரில் அந்தக் கட்டாயம் முடிவுக்கு வந்தது.

இந்தியாவில்?

இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வைத்திருக்கும் உச்சவரம்பு 65. ஆனால் அது லைசென்ஸுக்கான வரம்பு. கம்பெனி அதற்கு முன்பே ஓய்வு கொடுக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2024 நவம்பரில் ஏர் இந்தியாவும் விஸ்தாராவும் இணைந்தபோது இந்த வித்தியாசம் வெளியே வந்தது. ஏர் இந்தியா விமானிகளுக்கு ஓய்வு வயது 58, விஸ்தாராவில் 60 என்றும், இதனால் ஏர் இந்தியா விமானிகள் அதிருப்தியில் இருப்பதாகவும் இணைப்புக்கு முன்பு செய்திகள் வந்தன. ஒரே கம்பெனி, ஒரே சீருடை, ஒரே பட்டியல். அதில் பக்கத்து எண்ணில் இருப்பவர் 2 வருடம் கூடுதலாக இருப்பார் என்றால் அவருக்குப் பின்னால் நிற்பவர் கணக்குப் போடத்தானே செய்வார்? 2025 ஆகஸ்டில் ஏர் இந்தியா விமானிகளின் ஓய்வு வயதை 65 வரை உயர்த்த முடிவு செய்ததாகச் செய்தி வெளியானது.

டிஜிசிஏ நினைத்தால் உள்நாட்டு விமானங்களுக்கு மட்டும் 67 என்று வைக்கலாம், ஜப்பான் வைத்திருப்பதைப் போல. ஆனால் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போக வேண்டுமென்றால் ஐசிஏஓ-வின் 65-தான் பேசும். அது மாறும் வரை, 66 வயது கேப்டனை உள்நாட்டு ரூட்டுகளில் மட்டும் போட்டு, வெளிநாட்டு டியூட்டிகளை மற்றவர்கள் தலையில் ஏற்றுவதா என்று குவான்டாஸ் 1994-ல் கேட்ட அதே கேள்வி இங்கேயும் ரோஸ்டர் போடுபவரின் மேஜைக்கு வரும்.